வெள்ளை வயரில் ஒளிந்திருந்த கசிவு

மிச்சிகனில் பனி உருகி முடிந்த ஒரு சனிக்கிழமை. நண்பர் ஒருவர் முந்தைய ஆண்டு வாங்கிய பழைய ஆர்.வி.யை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற சுற்றுலா வண்டி. அடுத்த வாரப் பயணத்துக்கு முன் ஃபிரிட்ஜைக் குளிர வைக்க வேண்டும். அடாப்டர் மாட்டி, கேரேஜ் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் செருகினார். டக்கென்று ஒரு சத்தம், பாயிண்ட் அணைந்துவிட்டது. ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு மறுபடி செருகினார். மறுபடி டக்.

"போன வருஷம் கேம்ப்கிரவுண்டில மூணு நாள் ஏசியே ஓடுச்சு. வண்டியில ஒண்ணும் இல்ல, இந்த பாயிண்ட்தான் போச்சு" என்றார்.

ஆர்.வி. வைத்திருப்பவர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். புது பாயிண்ட் வாங்கி மாட்டுகிறார்கள், அதுவும் அணைகிறது. அப்புறம் சிலர் எர்த் முள்ளை வெட்டிவிட்டுச் செருகுகிறார்கள். அங்கேதான் எனக்குப் பயம். அந்த பாயிண்ட் எதைப் பார்த்து அணைகிறது என்று தெரிந்தால் யாரும் அந்த முள்ளில் கை வைக்க மாட்டார்கள்.

அமெரிக்க வீடுகளில் கேரேஜ், குளியலறை, வெளிச்சுவர் போன்ற இடங்களில் இருக்கும் இந்த வகை பாயிண்டுக்கு ஜி.எஃப்.சி.ஐ. என்று பெயர். நம் ஊர் மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. செய்கிற அதே வேலைதான், ஆனால் இது இன்னும் நுணுக்கமானது. உள்ளே உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள ஒரு சின்ன வளையம் இருக்கிறது. மின்சாரத்தைக் கொண்டுபோகும் கறுப்பு வயர், திருப்பிக் கொண்டுவரும் வெள்ளை நியூட்ரல் இரண்டுமே அந்தத் துளை வழியாகப் போகின்றன. போனது 10 ஆம்பியர், வந்தது 10 ஆம்பியர் என்றால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும், வளையத்துக்கு எதுவும் தெரியாது. போனதைவிடத் திரும்பி வந்தது கொஞ்சம் குறைந்தால், அந்த மிச்சம் வேறு ஏதோ வழியில், ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது. வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள் அதை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கச் செய்கிறது.

எவ்வளவு குறைந்தால்? 4 முதல் 6 மில்லியாம்பியர். 120 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு 500 மில்லியாம்பியர் இழுக்கும். அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லியாம்பியர், கசிந்தாலே பாயிண்ட் அணைந்துவிடும். நம் ஊர் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லியாம்பியருக்கு அமைத்தது.

இந்த 5 எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸீல், மின்சாரம் மனித உடலை என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவுக்கு மேல் கையை விடுவிக்க முடியாமல் தசை இறுகுகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. ஆனால் சராசரியை வைத்துக் காவல் போட முடியாதே. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் கையை எடுத்துவிடக்கூடிய எல்லை 6 மில்லியாம்பியர் என்று வந்தது. 1961-ல் அவர் உருவாக்கிய கருவி 5-லேயே துண்டித்தது. சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் அத்தனை பேர் தாங்கிய வலி இருக்கிறது.

சரி, கேம்ப்கிரவுண்டில் ஏன் அணையவில்லை? அங்கே வண்டிகளுக்கான கம்பத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் பாயிண்டுகள் இருக்கும். அமெரிக்க மின் விதிப்படி அவற்றுக்கு ஜி.எஃப்.சி.ஐ. கட்டாயமில்லை. அதே கம்பத்தில் இருக்கும் 15, 20 ஆம்பியர் சாதாரண பாயிண்டுக்குத்தான் கட்டாயம். ஆக, அந்த மூன்று நாளும் வண்டி கசிந்துகொண்டே இருந்திருக்கலாம். கவனிக்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் எது அணைகிறது என்று பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டதும் வீட்டு பேனலில் இருக்கும் பிரேக்கர் விழுந்தால் அது அதிக லோடு, வேறு கதை. சுவரில் ரீசெட் பட்டன் உள்ள பாயிண்டே அணைந்தால் அது கசிவு. பாயிண்டும் பழசாகிக் கெடும் என்பதால், ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பார்த்தோம். ஃபேன் நிம்மதியாக ஓடியது.

அடுத்து வண்டிக்குள் மெயின் உட்பட எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டுச் செருகினோம். டக். நண்பருக்கு ஆச்சரியம். எல்லாமே அணைந்திருக்கும்போது கசிய என்ன இருக்கிறது?

விடை வெள்ளை வயரில் இருக்கிறது. பிரேக்கர் துண்டிப்பது கறுப்பு வயரை மட்டும்தான். வெள்ளை வயர்கள் எல்லாம் ஒரு பித்தளைப் பட்டையில் சேர்ந்து, எப்போதும் இணைந்தே இருக்கின்றன. வீட்டு மெயின் பேனலில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அந்த ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். வண்டிக்குள் இரண்டும் தொடவே கூடாது. தொட்டால், திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி எர்த் வயர் வழியாக வீட்டுக்குப் போய்விடும், வடைக்குள் நுழையாமலே.

லோடே இல்லாதபோதும் இதைக் கண்டுபிடிக்க ஜி.எஃப்.சி.ஐ.க்குள் இரண்டாவதாக ஒரு வளையம் உண்டு. அது நியூட்ரலில் மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைத் தூண்டியபடியே இருக்கும். வண்டியில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், இந்தப் பக்கம் வண்டி, அந்தப் பக்கம் வீட்டு பேனல் என்று ஒரு முழுச் சுற்று உருவாகி அதில் மின்சாரம் ஓடும். உடனே டக். அருமையான யோசனை இது. ஆபத்து உருவாகுமுன்பே, உருவாவதற்கான வழியைக் கண்டு அணைக்கிறது.

ஆகவே எல்லா பிரேக்கரும் அணைந்த பிறகும் பாயிண்ட் அணைந்தால் சந்தேகம் மூன்று இடத்தில். வண்டியின் பக்கவாட்டில் வயர் மாட்டும் வாயில் மழைத்தண்ணீர் இருக்கலாம். யாரோ பேனலில் வெள்ளையையும் எர்த்தையும் ஒரே பட்டையில் மாட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் ஏதோ ஒரு சாதனத்துக்குள் வெள்ளைப் பக்கம் உலோகத்தைத் தொடுகிறது.

வயரைப் பிடுங்கிவிட்டு, வண்டியின் பிளக்கில் நியூட்ரல் முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தோம். முடிவிலி காட்ட வேண்டிய இடத்தில் ஓரிரு ஓம்தான். (இன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். தானே மின்சாரம் தரும்போது அது நியூட்ரலையும் எர்த்தையும் வேண்டுமென்றே இணைத்துக்கொள்ளும்.) வெறும் ஈரக் கசிவாக இருந்தால் இன்னும் நிறைய ஓம் காட்டியிருக்கும். இது வெள்ளைப் பக்கம் எங்கோ உலோகத்தையே தொடுகிற மாதிரி இருந்தது.

பிளக் எதிலும் மாட்டியில்லை என்பதை மறுபடி பார்த்துக்கொண்டு, பட்டையிலிருந்து வெள்ளை வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஏசி வயர், மாற்றம் இல்லை. பேட்டரி சார்ஜர், இல்லை. வாட்டர் ஹீட்டரைத்தான் நான் அதிகம் சந்தேகப்பட்டேன். குளிர்காலத்துக்குத் தண்ணீரை வடித்துவிட்டு வைப்பார்கள், வசந்தத்தில் நிரப்பாமலே ஸ்விட்சைப் போட்டால் எலிமெண்ட் வெடித்துவிடும். அதுவும் இல்லை. ஃபிரிட்ஜின் வயரைக் கழற்றியதும் மீட்டர் முடிவிலிக்குப் போனது.

பழைய ஆர்.வி.க்களில் பெரும்பாலும் இருக்கும் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. சூடாக்கித்தான் குளிர வைக்கும். கேஸ் சுடரிலும் ஓடும், மின்சார எலிமெண்டிலும் ஓடும். எலிமெண்ட் என்பது ஒரு உலோகக் குழாய், நடுவில் சுருள் கம்பி, இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்ஸைடு தூள். அந்தத் தூள் காய்ந்திருக்கும்வரை நல்ல காப்பு. விரிசல் விழுந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் உள்ளே இருக்கும் கம்பி குழாயைத் தொடவும் செய்யும். ஆறு மாதம் பனியில் நின்ற வண்டிக்கு அது போதும்.

எர்த் முள்ளை வெட்டியிருந்தால் பாயிண்ட் ஒருவேளை அணையாமல் இருந்திருக்கும். ஃபிரிட்ஜும் ஓடியிருக்கும். கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் வண்டியின் உலோக உடம்பிலேயே நின்றிருக்கும், ஏனென்றால் வண்டி நிற்பது ரப்பர் டயரில். ஆர்.வி.க்காரர்கள் இதை 'ஹாட் ஸ்கின்' என்பார்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் குழந்தைதான் அப்போது எர்த் வயர். கதவைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்றால்கூட முதலில் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் மற்றது.

கழற்றிய ஃபிரிட்ஜ் வயர்களின் முனைகளை மூடிவிட்டு, மற்றவற்றைப் பட்டையில் மாட்டி, கேரேஜ் பாயிண்டில் செருகினோம். சத்தமே இல்லை, விளக்கு எரிந்தது. அந்தப் பயணம் முழுக்க ஃபிரிட்ஜ் கேஸில் ஓடியது. திரும்பி வந்தபின் நண்பர் புது எலிமெண்ட் போட்டார். விரல் நீளமே இருந்த பழையதை எனக்குக் காட்டினார். வயர் நுழையும் முனைக்குச் சற்றுக் கீழே, துருப்பிடித்த ஒரு மயிரிழை விரிசல், அரிசி நீளம்கூட இருக்காது.