சப்ஸ்கிரிப்ஷன்: கையொப்பம், சந்தா, தொடர்கட்டணம்

என் அத்தைக்கு யூடியூபில் ஒரு பாட்டு வகுப்பு மிகவும் பிடித்துப்போனது. நாள்தோறும் தேடித் தேடிப் பார்க்கிறாரே என்று, "சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள், புதிய பாடம் வந்தால் தானாகவே தெரியும்" என்றேன். "வேண்டாம்ப்பா, மாசாமாசம் பணம் கேட்பான்" என்று கையை இழுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. சப்ஸ்கிரிப்ஷன் என்றால் சந்தா, சந்தா என்றால் பணம் என்றுதான் இதழ்கள் வழியே அவர் அறிந்திருக்கிறார். யூடியூபில் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஒரு காசும் செலவாகாது. நெட்ஃபிளிக்ஸிலும் ஸ்பாட்டிஃபையின் கட்டணச் சேவையிலும் அதே சொல் மாதந்தோறும் நம் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான இசைவைக் குறிக்கிறது. வெவ்வேறான இரண்டு செயல்களை ஒரே சொல்லால் குறிப்பது ஆங்கிலத்தின் பழக்கம். அந்தக் குழப்பத்தைத் தமிழும் சுமக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'சப்' என்பது கீழே, 'ஸ்கிரிபெரே' என்பது எழுதுதல். ஆக, ஓர் ஆவணத்தின் அடியில் பெயரெழுதி அதற்கு உடன்படுவதே இதன் முதற்பொருள். பின்னர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நூல் அச்சேறும் முன்பே அதை வாங்க ஒப்புக்கொண்டவர்களின் பெயர்களைத் திரட்டி, அவர்களை நம்பி அச்சிடும் வழக்கம் தோன்றியது. 1617இல் வெளிவந்த ஜான் மின்ஷூவின் பன்மொழி அகராதி இம்முறைக்குத் தொடக்ககாலச் சான்றாகக் கூறப்படுகிறது. அவ்வழக்கம் செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் பரவியபோது, பெயரெழுதுதல் என்னும் பொருள் மங்கி, முன்பணம் கட்டுதல் என்னும் பொருள் நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பதிப்பாளர்களும் இதே முறையைக் கையாண்டார்கள் என்பதும், அதற்கு அவர்கள் வழங்கிய சொல் 'கையொப்பம்' என்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, நூலைப் பெற்றுக்கொள்வதாக முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களின் ஆதரவு அவருக்குப் பெருந்துணையாக இருந்தது. இலத்தீன் வேர் சொல்வதும் கையொப்பம் சொல்வதும் ஒன்றே. இவ்வளவு பொருத்தமான சொல் நம்மிடம் புழங்கியிருக்கிறது. ஆயினும், இன்று கையொப்பம் என்றால் கையெழுத்து மட்டுமே நினைவுக்கு வரும். செயலியின் பொத்தானில் 'கையொப்பமிடு' என்று எழுதினால், விரலால் திரையில் கையெழுத்துப் போடச் சொல்வதாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார். எனவே அதை மீட்டுக் கொண்டுவருவது கடினம்.

அதன் இடத்துக்கு வந்த 'சந்தா' பாரசீக வழிச்சொல். எத்தனை, சில என்று பொருள்படும் 'சந்த்' என்பதிலிருந்து பிறந்து, பலர் சிறிது சிறிதாகப் போட்டுச் சேர்க்கும் தொகையைக் குறித்தது. இந்தியிலும் உருதுவிலும் இன்றும் நன்கொடைக்கு இச்சொல் வழங்குகிறது. தமிழில் அது இதழ்களோடு ஒட்டிக்கொண்டு, ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா, சந்தாதாரர் என்று கிளைத்தது. பிறமொழிச் சொல் என்பதற்காக அதை ஒதுக்க நான் முனையவில்லை. மக்கள் வாயில் பழகிய சொல் அது. எனக்குள்ள தயக்கம் பொருளைப் பற்றியது.

இதழுக்குக் கட்டிய சந்தா ஒரு காலவரையறைக்குள் நின்றது. அது முடியும் மாதத்தில் அறிவிப்பு வரும்; மறுபடி பணம் அனுப்பினால்தான் அடுத்த இதழ் வரும்; அனுப்பாவிட்டாலும் பழைய இதழ்கள் நம் அலமாரியில் இருக்கும். செயலிகளின் சப்ஸ்கிரிப்ஷன் இதற்குத் தலைகீழாக நடக்கிறது. நாம் நிறுத்தும்வரை அது தானே புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்திய பின்னரோ கையில் எதுவும் மிஞ்சாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய காலம் மாறி, ஃபோட்டோஷாப்பை உருவாக்கிய அடோபி நிறுவனம் 2013இல் புதிய பதிப்புகளை மாதக் கட்டணத்துக்கு மட்டுமே தரத் தொடங்கியது. 2016இல் ஆப்பிள் தன் செயலிக் கடையில் இவ்வசதியை எல்லா வகைச் செயலிகளுக்கும் திறந்துவிட்டதோடு, ஓராண்டுக்கு மேல் தொடரும் பயனரின் கட்டணத்தில் தான் எடுக்கும் பங்கை 30 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைத்தது. பயனர் எவ்வளவு காலம் தொடர்கிறாரோ அவ்வளவுக்குச் செயலியை உருவாக்கியவருக்கு ஆதாயம். நிறுத்தும் பொத்தான் எளிதில் கண்ணில் படாததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

நானும் இதில் அடிபட்டவன். படங்களைச் சீர்செய்யும் ஒரு செயலியை ஏழு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்று நிறுவினேன். திரை நடுவே 'தொடர்க' என்று பெரிய நீலப் பொத்தான் இருந்தது. ஏழு நாளுக்குப் பின் எடுக்கப்படும் தொகையோ அதன் அடியில், வெளிர்சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் கிடந்தது. பிடிக்காமல் மறுநாளே செயலியை நீக்கிவிட்டேன். செயலியை நீக்கினால் சந்தா நீங்காது என்பது மூன்று மாதம் பணம் போன பிறகுதான் தெரிந்தது. சந்தா என்றால் தானே முடிந்துவிடும் என்று இதழ்கள் கற்பித்த பாடம் என்னை ஏமாற வைத்தது.

ஆகவே பணம் கட்டும் வகைக்குத் 'தொடர்கட்டணம்' என்னும் சொல்லை நான் முன்வைக்கிறேன். தொடர்கின்ற கட்டணம் என வினைத்தொகையாய் விரியும் இச்சொல், நிறுத்தாதவரை போய்க்கொண்டிருக்கும் என்பதைத் தன் முதலசையிலேயே எச்சரிக்கிறது. 'தவணை' இங்கே பொருந்தாது. தவணை கட்டி முடித்தால் பொருள் நமக்குச் சொந்தமாகும். 'வாடகை' உண்மைக்கு மிக அருகில் வரும் சொல்தான் என்றாலும், வீட்டையும் வண்டியையும் விட்டு அது எளிதில் நகராது.

இலவச வகைக்கு யூடியூப் தன் தமிழ் இடைமுகத்தில் 'குழுசேர்' என்று எழுதுகிறது. குழுவில் சேர் என்று விரித்துப் பார்த்தாலும், அங்கே குழு ஏதுமில்லை. ஒருவர் வெளியிடுவதைப் பலர் தனித்தனியே பார்க்கிறார்கள், அவ்வளவே. மேலும் அதே தளத்தில் மாதக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் வசதி தனியே இருப்பதால், சேர்தல் என்னும் வினை அதற்கே உரியது. இலவசமாய்ப் புதியவற்றை அறிந்துகொள்வதற்குப் 'பின்தொடர்' போதும்; சமூக ஊடகங்களில் ஏற்கெனவே பழகிய சொல், பணத்தின் வாடை இல்லாதது. அத்தையிடம் அன்று "பின்தொடருங்கள்" என்று சொல்லியிருந்தால் தயங்காமல் அழுத்தியிருப்பார்.

விலகுவதற்கும் இதே பிரிப்பு வேண்டும். பின்தொடர்வதை விடுவதற்குக் 'குழுவிலகு' என்பதைவிட 'பின்தொடராதே' தெளிவு. கட்டணத்துக்கோ 'கட்டணத்தை நிறுத்து' என்று, அழுத்தியதும் என்ன நின்றுபோகும் என்பதைப் பொத்தானே சொல்லும்படி எழுதலாம்.