நிமிடத்துக்கு ஆறு மூச்சு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியார் தினமும் சாயங்காலம் விளக்கேற்றி ஜெபமாலை சொல்கிறவர். எதிர்வீட்டுத் தாத்தா விடியற்காலையில் எழுந்து மந்திரம் சொல்கிறவர். முடித்து எழுந்ததும் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதானாம்: "மனசு லேசாயிருக்கு." மருமகளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "ஏ பிள்ள, பத்து நிமிசம் எங்கூட உக்காந்து சொல்லித்தான் பாரேன்" என்று மாமியார் விடாமல் கூப்பிடுகிறார். நம்பாதவளுக்கும் அந்த லேசு கிடைக்குமா, இல்லை அது நம்புகிறவர்களின் நினைப்பு மட்டும்தானா என்பது வாசகியின் கேள்வி.

பாதி கட்டாயம் கிடைக்கும். மீதிப் பாதிக்கும் கடவுளைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் அந்த உறுதியான பாதியைப் பார்ப்போம்.

2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தின் லூசியானோ பெர்னார்டியும் அவருடன் இருந்தவர்களும். நல்ல உடல்நலத்தோடு இருந்த 23 பேரை உட்கார வைத்து, ஒருமுறை லத்தீன் மொழியில் ஜெபமாலை மன்றாட்டையும், இன்னொரு முறை 'ஓம் மணி பத்மே' என்று தொடங்கும் மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். கூடவே மூச்சு, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மாதாவைக் கூப்பிட்டாலும் சரி, மந்திரத்தைச் சொன்னாலும் சரி, அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கு வந்து நின்றது. சும்மா பேச விட்டபோது அப்படி ஆகவில்லை.

ஆறு எப்படி வந்தது? ஜெபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். லத்தீனில் ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து விநாடி ஆகும். பேச்சு எப்போதுமே வெளிமூச்சில்தான் நடக்கும். நம் பாதியைச் சொல்லும்போது காற்று மெதுவாக வெளியே போகிறது, எதிராளி சொல்லும்போது உள்ளே வருகிறது. மூச்சை எண்ணு, அடக்கு என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்லை இரண்டு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்ததிலேயே மூச்சுக்கும் அளவு விழுந்துவிட்டது. (நம் 'அருள் நிறைந்த மரியே'யில் அசைகள் அதிகம். வேகமாக ஓட்டுகிற வீடும் உண்டு, இழுத்துச் சொல்கிற வீடும் உண்டு. உங்கள் வீட்டுக் கணக்கைக் கடிகாரத்தை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, ஆறில் அப்படி என்ன விசேஷம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கழுத்தின் இரு பக்கமும் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரண்டாகப் பிரிகிற இடத்தில், அதன் சுவருக்குள் நரம்பு நுனிகள் புதைந்திருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அதேபோல உண்டு. ரத்த அழுத்தம் கூடினால் சுவர் விரியும். அந்த விரிவை நரம்பு நுனிகள் மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் சொல்லும். முகுளத்திலிருந்து இரண்டு உத்தரவுகள் புறப்படும். ஒன்று வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு: 'மெதுவாகத் துடி.' இன்னொன்று பரிவு நரம்புகள் வழியாக ரத்தக் குழாய்களுக்கு: 'இறுக்கத்தைத் தளர்த்து.' அழுத்தம் குறைந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்.

வேகஸ் உத்தரவு போய்ச் சேர ஒரு துடிப்பு நேரமே அதிகம். இந்த நரம்பு எப்படிப் பேசுகிறது என்று கண்டுபிடித்த கதை தனி ருசி. ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்பவருக்கு ஈஸ்டர் சமயத்து ஓர் இரவில் தூக்கத்தில் ஒரு யோசனை வந்ததாம். எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அதே யோசனை மறுபடி வர, இந்த முறை எழுதி வைக்காமல் நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மட்டுப்படுத்தி, அது மிதந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தின் மேல் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. 1921-இல் வெளியான இந்தச் சோதனைக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் திரவத்தில் இருந்த பொருள்தான் பள்ளிப் பாடத்தில் படித்த அசிட்டைல்கோலின்.

ரத்தக் குழாய்களுக்குப் போகும் உத்தரவு அப்படி இல்லை, ஆடி அசைந்துதான் வேலை செய்யும். குழாய்ச் சுவரின் தசை தளர்ந்து, அழுத்தம் இறங்கி, அது மறுபடி கழுத்தில் உணரப்படச் சில விநாடிகள் பிடிக்கும். இந்தத் தாமதம்தான் விஷயமே. கால்வாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது அத்துப்படி. தலைமடையில் ஷட்டரைத் திறந்துவிட்டுக் கடைமடை வயலில் நின்று பாருங்கள். வயல் நிரம்பிவிட்டது என்று போன் போட்டு ஷட்டரை அடைக்கச் சொன்னாலும் கால்வாயில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், வயல் வழியும். காய்கிறது என்று திறக்கச் சொன்னால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இன்னும் காயும். அளவாக வைக்கத்தான் பாடுபடுகிறோம், ஆனால் தாமதம் இருப்பதால் நிரம்புவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும். ரத்த அழுத்தமும் இப்படியே ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றயிறக்கத்துக்குச் சுமார் பத்து விநாடி ஆகும். 1876-லேயே சிக்மண்ட் மேயர் என்பவர் இதைப் பார்த்து எழுதினார். இன்றும் மேயர் அலை என்றுதான் பெயர்.

இப்போது மூச்சுக்கு வருவோம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். நாடி கொஞ்சம் வேகமாகும். நீளமாக விடுங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும். கார்ல் லுட்விக் 1847-இல் பதிவு செய்த சங்கதி இது. இளவயதில் இந்த ஆட்டம் பெரிதாக இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். நோய் ஒன்றுமில்லை, வேகஸ் நரம்பு விழிப்பாக இருப்பதன் அடையாளம். (கழுத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம். அங்கே அமுக்கினால் சிலருக்கு மயக்கமே வந்துவிடும்.)

பத்து விநாடிக்கு ஒரு மூச்சு என்று வந்துவிட்டால், மூச்சு இதயத்துக்குக் கொடுக்கும் ஏற்றயிறக்கமும் அழுத்தத்தின் சொந்த ஏற்றயிறக்கமும் ஒரே தாளத்தில் விழுகின்றன. ஒன்றை ஒன்று தூக்கிவிடுகிறது. இதயத் துடிப்பின் ஆட்டம் மற்ற எந்த வேகத்திலும் இல்லாத அளவுக்குப் பெரிதாகிறது. அழுத்தத்தைக் கண்காணிக்கும் அந்த நரம்பு நுனிகளுக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு பயிற்சி. பெர்னார்டி அளந்தபோது அவற்றின் நுட்பம் கூடியிருந்தது. ஒவ்வொருவருக்கும் இந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நாலரையிலிருந்து ஆறரைக்குள்.

இதற்கும் மனத்துக்கும் என்ன சம்பந்தம்? வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு மூளையிலிருந்து கீழே வருவதில்லை, உடம்பின் சேதியை மேலே கொண்டுபோகின்றன. அந்தச் சேதி முகுளத்தோடு நிற்காமல் பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் பகுதிகள் வரை போகிறது. பதறினால் மூச்சு வாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே பாதை எதிர்த்திசையிலும் திறந்திருக்கிறது. இதற்கு எந்தச் சாமியின் பெயரும் வேண்டாம், வாய்ப்பாடு சொன்னாலும் போதும்.

இனி ஆட்கள் பக்கம். நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஓர் அடி பாடுவார். பக்கப்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், நடுநடுவே 'ஆமா' விழும். ஜெபமாலையில் பார்த்த அதே பங்கீடு, வேகம் மட்டும் வேறு. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயங்கள் ஏறுவதும் இறங்குவதும்கூடச் சேர்ந்தே நடப்பதை ஸ்வீடனில் பாடகர் குழுவை வைத்து அளந்து 2013-இல் எழுதினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்தது இன்னும் வேடிக்கை. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற ஊரில் நம்முடைய பூக்குழி மாதிரியே ஆண்டுதோறும் தணலில் நடப்பார்கள். நடக்கிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் இதயத் துடிப்பை அளந்தார்கள். நடப்பவரின் துடிப்போடு அவருடைய சொந்தபந்தங்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. சம்பந்தமில்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அப்படி இல்லை. உட்கார்ந்த இடத்தில் சும்மா இருந்தவர்கள்தான், ஆனால் மகன் தணலில் நடக்கிறான்.

இதையெல்லாம் ஸ்பெயினில் போய் அளக்கிறார்கள். இங்கே ஆடியிலும் ஆவணியிலும் தெருவுக்குத் தெரு கொடை நடக்கிறது, ஆனியில் நெல்லையப்பர் தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கிறார்கள். மார்பில் கட்டும் துடிப்புமானி ஒன்றும் யானை விலை இல்லை. பழைய சாஸ்திரம்தான் பெரிது என்று மேடையில் முழங்குவதற்கு ஆகிற செலவில் ஒரு பங்கை நம் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துக் கொடையில் அளந்துவா என்று சொல்லலாம். பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்ணாவது நம்முடையதாக இருக்கும்.

கோயிலில் தங்கினால் பைத்தியம் தெளியும் என்ற பேச்சையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கடும் மனநோயோடு தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். சில வாரங்களில் நோய்க்குறிகளின் மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே பேயோட்டம் கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்குவார், கோயில் வேலைகளில் கைகொடுப்பார்கள், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் நான் இதை வைத்துப் பெரிதாக எதுவும் கட்ட மாட்டேன். ஆனால் அதற்கு முந்தின வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பது) ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். இரண்டுமே நம்பிக்கையின் பெயரால் நடந்தவை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. இன்னும் எந்தக் கோயிலிலாவது, தர்காவிலாவது, ஜெபக்கூடத்திலாவது கட்டிவைத்தால் அதற்குப் பெயர் பக்தி இல்லை, குற்றம்.

ஆகவே வாசகி தாராளமாக மாமியாருக்குப் பக்கத்தில் உட்காரலாம், வாய்க்குள் எதைச் சொல்லிக்கொள்வது என்பது அவர் இஷ்டம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் அது ஆறு மூச்சில் தீருகிற காரியம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.