பயாஸ் அப்டேட் பாதியில் நின்றால் பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர், முகூர்த்த மாதத்தின் நடுவில், திருமண ஆல்பம் வடிவமைக்கும் தம் கணினியை என் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கணினியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸின் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியதும் அதை அழுத்தியிருக்கிறார், பாதியில் மின்சாரம் போய்விட்டது. அதன்பின் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அதுவரை நடந்தது விபத்து. அதைக் குறை சொல்ல மாட்டேன். “பேட்டரியை ஒரு ராத்திரி பூரா கழட்டி வச்சுப் பார்த்தாச்சுண்ணே, அப்புறம் மச்சினன் ஹீட் கன் வச்சும் காட்டிப் பார்த்தான்” என்று அவர் சொன்னபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் இதே வாக்கியத்தை, ஹீட் கன் இல்லாமலாவது, மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்து வருகிற ஏறத்தாழ எல்லோரும் சொல்கிறார்கள்.

கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டில் இருக்கும் அந்த வட்டமான சிஆர் 2032 பேட்டரி பயாஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. தேதி, நேரம் ஆகியவற்றையும், நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பகுதிக்குத்தான் அது மின்சாரம் தருகிறது. பயாஸ் என்கிற நிரலோ, தனியாக ஒரு ஃப்ளாஷ் சிப்பில், மின்சாரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கக்கூடியது. அப்டேட்டின்போது அந்தச் சிப்பின் பகுதிகள் முதலில் அழிக்கப்பட்டு, பிறகு புதிதாக எழுதப்படுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. அழிந்துபோன நிரலைத் திரும்ப எழுதாமல் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது, அரிசியே போடாத உலையில் தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றி ஊற்றுவதைப் போன்றது. கழற்றினால் பழைய பயாஸ் திரும்பிவிடும் என்று வீடியோவில் சொல்பவர்கள், திரும்பி வருவதற்கு அது எங்கே இருந்தது என்று மட்டும் சொல்வதில்லை.

இந்த நம்பிக்கை எப்படிப் பரவியது என்பதும் எனக்குத் தெரியும். அப்டேட் ஒழுங்காக முடிந்த பிறகு, பழைய அமைப்புகள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் கணினி முரண்டு பிடிப்பது உண்டு. அப்போது பேட்டரியைக் கழற்றிச் சிமாஸை அழித்தால் சரியாகிவிடும். அது வேறு நோய், இது வேறு நோய். மேலும், டிடிஆர் 5 நினைவகம் உள்ள கணினிகளில், அப்டேட்டுக்குப் பின் முதல்முறை இயக்கும்போது நினைவகத்தைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து சுவிட்சை அணைப்பவர்கள், நன்றாக இருக்கும் கணினியைத் தாங்களே கெடுத்துக்கொள்ள வழி தேடுகிறார்கள்.

உண்மையிலேயே அப்டேட் பாதியில் நின்றிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது, கேபினட்டின் பின்புறம் போர்டின் யுஎஸ்பி துளைகள் இருக்கும் பகுதியை. அசூஸில் பயாஸ் ஃப்ளாஷ்பேக், கிகாபைட்டில் கியூ ஃப்ளாஷ் பிளஸ், எம்எஸ்ஐயில் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் என்று பல மாடல்களில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பிராசஸரும் நினைவகமும் இல்லாமலே, பவர் சப்ளை மட்டும் இணைந்திருந்தால் அது வேலை செய்யும். ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், உற்பத்தியாளர் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரிய கோப்பை இறக்கி, அவர்கள் சொல்லும் பெயரை எழுத்துப் பிசகாமல் இட்டு, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் மட்டுமே செருக வேண்டும். ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டுவிட்டு “விளக்கு மின்னவே இல்லை” என்பவர்கள் நிறையப் பேர். கிகாபைட் போர்டுகளில் ஒரே மாடல் பெயருக்கு வெவ்வேறு ரிவிஷன்கள் (திருத்தப் பதிப்புகள்) உண்டு என்பதையும், அந்த எண் போர்டின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மடிக்கணினிகளிலும் வழி உண்டு. டெல்லின் பல மாடல்களில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தியபடி சார்ஜரைச் செருகினால் மீட்புத் திரை வரும். எச்பியில் விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான், சிப்பில் நேரடியாக நிரலை எழுதும் புரோகிராமர் கருவிக்கு வருகிறோம். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல கணினிகளின் பயாஸை அழித்தபோது, அக்காலத்துப் போர்டுகள் பலவற்றில் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கையால் பிடுங்கி மாற்ற முடிந்தது. இன்று எட்டுக் கால் சிப்பாகப் பெரும்பாலும் பற்ற வைத்தே வருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சிஎச் 341ஏ என்கிற புரோகிராமர் கருவியை வாங்கி நீங்களே முயல நினைத்தால், தயவுசெய்து லென்ஸ் வைத்துச் சிப்பின் எண்ணைப் படியுங்கள். விண்பாண்டு 25கியூ128 வரிசையில் எஃப்வி என்று முடிந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட். ஓர் எழுத்தைத் தவறாகப் படித்துக் கூடுதல் வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடும், சில வேளை அதோடு சிப்செட்டும் போகும். எழுதுவதற்கு முன்பு, உள்ளே இருப்பதை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுச் சேமித்து வைக்க வேண்டும். பாதி அழிந்த அந்தக் கோப்பில்தான் உங்கள் மடிக்கணினியின் சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் இருக்கக்கூடும். எங்கிருந்தோ இறக்கிய “ஒர்க்கிங் பின்” என்கிற, வேறொரு கணினியின் பயாஸ் கோப்பை அப்படியே ஏற்றினால் கணினி எழுந்துவிடும், ஆனால் இன்னொருவரின் சீரியல் எண்ணோடு எழும்.

இனி அப்டேட் செய்யப் போகிறவர்களுக்கு. காரணம் இல்லாமல் செய்யாதீர்கள். இதனால் கணினி வேகமாகிவிடாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிதைவதைத் தடுக்க 2024இல் வந்த மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இயங்கும் நிரல்) போன்ற திருத்தங்களும், பழைய பி 450 போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசஸரைப் பொருத்துவது போன்ற தேவைகளும் உண்மையான காரணங்கள். பராமரிப்பு மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வந்த நாளில் தொடாதீர்கள், கோடைமழைக் காற்று அடிக்கும் மாலையிலும் தொடாதீர்கள். யுபிஎஸ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்; முந்தைய நாளே அதன் பிளக்கைப் பிடுங்கி, கணினி அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால் அது யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், சாதாரண நிலையில் அது மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்து எழும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் பயாஸை மீட்டுத் தந்த பிறகும் உங்கள் கோப்புகள் திறக்காமல் போகலாம்.

அப்படியும் நின்றுபோனால், கேபினட்டோடு முழுதாகக் கொண்டுவாருங்கள். போர்டை மட்டும் கழற்றி, பிராசஸர் சாக்கெட்டின் மூடி இல்லாமல், தினசரித்தாளில் சுற்றி மஞ்சள் பையில் போட்டு மாட்டுத்தாவணி வரை பேருந்தில் கொண்டுவந்தால், நான் பயாஸைத் தொடுவதற்கு முன்பு சாக்கெட்டில் வளைந்த பின்களை ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத் தனிக் கூலி வாங்குகிறேன்.