617 இலக்கம் இருந்தால் மட்டும் போதுமா?

கணினிப் பாதுகாப்புத் தணிக்கைக்குப் போகிற இடங்களில் தவறாமல் காதில் விழும் பதில் ஒன்று உண்டு: "எங்க கீ 2048 பிட் சார், யாராலயும் உடைக்க முடியாது."

கீ என்பது தகவலைப் பூட்டித் திறக்கும் சாவியாகப் பயன்படும் எண். 2048 பிட், அதாவது இரும முறையில் 2048 இலக்கம் என்றால், நம் வழக்கமான முறையில் 617 இலக்கம் கொண்ட பகு எண். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்தது. அதை ஊரறியக் காட்டலாம். எந்த இரண்டைப் பெருக்கினோம் என்பது மட்டும் வெளியே தெரியக் கூடாது. ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் உயிர்நாடி அதுதான்.

ஓர் எண் பகு எண்தான் என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகு எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா நிறுவிவிட்டார். காரணி ஒன்றுகூட அவரிடம் இல்லை. 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதர் கோல் காட்டியது 1903இல். இன்று அதை மடிக்கணினி நொடியில் முடித்துவிடும். ஆனால் 2020இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றைப் பிரிக்க, ஒற்றைச் செயலி உட்கருவின் (கோர்) கணக்கில் சுமார் 2700 ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. ஆகவே 617 இலக்கத்தை நேரடியாக மோதி உடைப்பது இன்று நடக்காத காரியம். அந்த மட்டில் அவர்கள் சொல்வது சரிதான்.

நேரடியாக மோத வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரு நிறுவனத்தில் ஒரே மாடல் நெட்வொர்க் கருவிகள் நிறைய இருந்தன. அவற்றின் பப்ளிக் கீகளை, அதாவது ஊரறியக் காட்டும் அந்தப் பகு எண்களைத் திரட்டி, இரண்டிரண்டாக மீப்பெரு பொதுக் காரணி பார்த்தேன். ஆம், பள்ளியில் போட்ட அதே மீ.பொ.கா.தான். உதாரணத்துக்கு 10403, 10807. கழித்தால் 404. 10403ஐ 404ஆல் வகுத்தால் மீதி 303. 404ஐ 303ஆல் வகுத்தால் மீதி 101. 303ஐ 101 மீதியின்றி வகுக்கிறது. முடிந்தது: இரண்டுக்கும் பொதுவான பகா எண் 101, மற்றவை 103, 107. எந்த எண்ணையும் 'உடைக்கவே' இல்லை, இரண்டும் விழுந்துவிட்டன. 617 இலக்கத்துக்கும் இதே வழிதான், கண்ணிமைக்கும் நேரம்தான்.

அங்கே ஒரு ஜோடி சிக்கியது. கருவிகள் முதல்முறை இயங்கத் தொடங்கிய கையோடு கீ உருவாக்கியிருக்கின்றன. அந்த நேரத்தில் ரேண்டம் எண்ணுக்கான மூலப்பொருள், அதாவது முன்கூட்டி ஊகிக்க முடியாத தகவல், போதுமான அளவு சேர்ந்திருக்காது. எனவே இரண்டு கருவிகள் ஒரே பகா எண்ணை எடுத்துவிட்டன. இது அபூர்வமும் அல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையைப் பயன்படுத்திய சர்வர்களில் 0.5 சதவீதத்தின் ரகசியக் கீகள் இப்படியே கிடைத்தன.

பகா எண்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தாலும் ஆபத்துதான். 1022117ஐப் பாருங்கள். அதன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 1011, வர்க்கம் 1022121. வித்தியாசம் 4, அதாவது 2-இன் வர்க்கம். 1011 − 2 = 1009, 1011 + 2 = 1013. காரணிகள் கையில். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா சொன்ன வழி இது. நேரத்தை மிச்சப்படுத்த, முதல் பகா எண்ணுக்கு அடுத்ததையே இரண்டாவதாக எடுக்கும் நிரலை எழுதிவிட்டால் இந்தக் குழியில்தான் விழ வேண்டும்.

பகா எண்களைக் குறிப்பிட்ட வடிவத்தில் தேர்ந்தெடுத்த சிப் மென்பொருள் ஒன்றால், 2017இல் எஸ்டோனியா சுமார் 7,60,000 அடையாள அட்டைகளின் டிஜிட்டல் சான்றிதழ்களை (கீ யாருடையது என்று உறுதிசெய்பவை) நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அந்தக் கீகளிலும் பிட் எண்ணிக்கைக்குக் குறைவில்லை.

அந்த நிறுவனத்து நிர்வாகி கேட்டார்: "அப்போ 4096 ஆக்கிடலாமா சார்?" பொதுக் காரணி இருந்தால் 4096ம் அதே நாலு வரிக் கணக்குதான் என்றேன். கருவிகளுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, பழைய கீகளை அழித்து, கருவிகள் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு புதிதாக உருவாக்கினார்கள். மறுபடி மீ.பொ.கா. பார்த்தேன், எல்லா ஜோடிக்கும் 1 வந்தது. பழைய சான்றிதழ்களை ரத்து செய்து முடிக்கத்தான் இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.