இலைச்சாற்றில் செய்தாலும் வெள்ளி வெள்ளிதான்

இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். ஒரு கையில் வாடிய தக்காளிச் செடி, இன்னொரு கையில் பழுப்பு நிறத் தண்ணீர் பாட்டில். "மூலிகை நானோ மருந்துங்க, மூணு தடவை வேர்ல ஊத்திட்டேன், செடி தேறவே இல்லை" என்றார். வேரைக் கழுவினேன். கடுகளவு முதல் கோலிக்குண்டு அளவு வரை முடிச்சுகள். ஒன்றைக் கீறி லென்ஸில் காட்டினேன்: முத்துப்போல வெளுத்த பெண் நூற்புழு, வேருக்குள் புகுந்து இந்த முடிச்சுகளை உண்டாக்கும் நுண்புழு. ஒன்றே நூற்றுக்கணக்கில் முட்டையிடும்.

இலைச்சாறு என்றதும் கஷாயம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டிலில் இருப்பது வெள்ளி, உலோகம். சில்வர் நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றைக் கலந்தால், சாற்றிலுள்ள பொருள்கள் வெள்ளி அயனியை நுண்துகளாக மாற்றி மேலே ஒட்டிக்கொள்கின்றன. இலையின் வேலை அவ்வளவுதான். 'பசுமை முறை' என்ற பெயர் தயாரிப்புக்குத்தான்; கடுமையான ரசாயனத்துக்குப் பதில் இலை. துகள் வயலில் என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதம் தராது. வேம்பில் செய்தாலும் துளசியில் செய்தாலும் வெள்ளி மக்காது. நல்லது செய்யும் பாக்டீரியா, நூற்புழுவையே பிடித்துத் தின்னும் பூஞ்சை எல்லாம் அதே மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றை அது விட்டுவைக்கும் என்று எப்படி நம்புவது?

ஆய்வகத்தில் இந்த வெள்ளித் துகள் கலந்த கண்ணாடித் தட்டில் நூற்புழுக் குஞ்சுகள் கம்பிபோல விறைத்துக் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் சுத்தமான தண்ணீருக்கு மாற்றி ஒரு நாள் வைத்தால் சில மறுபடி நெளியும். விறைத்ததையெல்லாம் செத்த கணக்கில் எழுதக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தட்டில் இருப்பது வெறும் தண்ணீர். வயலில் களிமண், மட்கு, குளோரைடு எல்லாம் வெள்ளியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புழுவோ வேருக்குள் பத்திரமாக இருக்கிறது. முடிச்சு விழுந்த பிறகு ஊற்றி என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்? நாற்று வாங்கும்போதே ஒன்றிரண்டின் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்த நாற்றே வேண்டாம். கோடையில் ஈர மண்ணை நிறமில்லாத பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரம் மூடுங்கள். நூற்புழுவைக் குறைக்கச் செண்டுமல்லியை வரப்பில் நாலு செடி வைத்தால் போதாது. வயல் முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். எதிர்ப்புத் திறன் உள்ள தக்காளி ரகம் நல்லதுதான், ஆனால் மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களில் அந்தத் திறன் தளர்ந்துவிடும். அப்புறம், பயறுச் செடியின் வேர்முண்டைப் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் உருண்டை) பார்த்துப் பதற வேண்டாம். அது விரலால் தள்ளினால் உதிரும், வேரே வீங்கிய முடிச்சு உதிராது.

வீட்டில் சில்வர் நைட்ரேட் கலக்குவதைத் தயவுசெய்து விடுங்கள். தோல் கறுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

செடி திட்டுத்திட்டாக மஞ்சளித்து, உச்சி வெயிலில் துவண்டால் உரம் போடுவதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு தோண்டிப் பையில் போட்டு, வெயில் படாமல் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வேரைக் கழுவ வேண்டாம். அந்த மண்ணும் வேண்டும்.