லாரி டயருக்கு இரண்டாம் ஆயுள்: ரீபட்டன் கடைக்குள் என்ன நடக்கிறது?

லாரியில் ஓடும் 10.00 ஆர் 20 அளவு எஃகு இழை வைத்த ரேடியல் டயர் ஒன்று ஏறத்தாழ 55 கிலோ எடை இருக்கும். புதிதாக மாட்டும்போது பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பரில் உள்ள வெட்டுகளின் ஆழம், 15 மி.மீ. அளவில் இருக்கும். அது தேய்ந்து மூன்று, நான்கு மி.மீ. ஆகும்போது டயரை இறக்கிவிடுகிறார்கள். அதுவரை சாலையில் தேய்ந்து போனது சுமார் 10 கிலோ ரப்பர். எஃகு இழைகள், சக்கர வட்டையில் உட்காரும் ஓரத்துப் பீடிங் கம்பி, உள் லைனர், பக்கச் சுவரான சைடு வால் எல்லாம் சேர்ந்த மீதி 45 கிலோ அப்படியே இருக்கிறது. டயர்த் தொழிற்சாலையில் அதிக வேலையும் செலவும் பிடிப்பது இந்த மீதிதான். தொழிலில் இதைக் கேசிங் என்பார்கள். தேய்ந்த பட்டனைச் சுரண்டிவிட்டு, இந்தக் கேசிங் மேல் புது ரப்பர் ஏற்றுவதுதான் ரீபட்டன்; ஆங்கிலத்தில் ரீட்ரேட்.

பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்றதும் பெரும்பாலோர் நினைப்பது பழைய பொருளை உருக்கியோ அரைத்தோ வேறொன்றாக்குவதை. டயரை உருக்க முடியாது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும்போது, நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. வல்கனைஸ் ஆகிவிட்ட ரப்பர் சுட்ட செங்கல் மாதிரி; மறுபடி குழைத்து வார்க்க வழியில்லை. காற்றில்லாத உலையில் 400, 500 டிகிரியில் சிதைத்து எண்ணெய், கரி, கம்பி என்று பிரிக்கலாம். பைராலிசிஸ் ஆலைகள் செய்வது அதைத்தான். ஆனால் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடக்கூடிய கேசிங்கை உலை எண்ணெயாக்குவது மாதிரி வீண்வேலை வேறில்லை. புது லாரி டயர் ஒன்றுக்கு 83 லிட்டர் கச்சா எண்ணெய், ரீட்ரேட் செய்ய 26 லிட்டர் என்பது தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. லாரி முதலாளி பார்ப்பது விலையைத்தான்: புது டயர் விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இந்த வேலைக்குப் பெரிய ஆலை தேவையில்லை. லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல், சங்ககிரி, போர்வெல் வண்டிகளின் திருச்செங்கோடு போன்ற ஊர்களில் சிறு பட்டறைகளே இதைச் செய்கின்றன. டயரை விரித்துப் பார்க்கும் ஸ்ப்ரெடர், பழைய பட்டனைச் சுரண்டும் பஃபிங் மெஷின், கம்ப்ரசர், டயரை வேகவைக்கும் ஒரு சேம்பர், அதற்கு வெப்பம், கை பழகிய சில ஆட்கள் இருந்தால் பட்டறை ஓடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இதற்கெனச் சொந்தக் கூடங்களை வைத்திருக்கின்றன.

முறை இரண்டு. வேகாத, அதாவது இன்னும் வல்கனைஸ் ஆகாத, ட்ரெட் ரப்பரை (பட்டன் வரவேண்டிய மேல் ரப்பரை) கேசிங்கில் சுற்றி, பட்டன் வார்ப்புள்ள அச்சில் வைத்து 150 டிகிரி வாக்கில் வேகவைப்பது ஹாட் ப்ராசஸ். ஒவ்வொரு டயர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அந்தச் சூடு கேசிங்கையும் ஒரு சுற்று கிழடாக்கும். முன்பே வெந்து, பட்டன் வெட்டோடு பட்டையாக வரும் ட்ரெட்டைக் கேசிங்கில் ஒட்டுவது கோல்டு ப்ராசஸ். பேர்தான் கோல்டு, சேம்பருக்குள் 100 டிகிரிக்குக் குறையாது. ரேடியலுக்கு இதுதான் ஏற்றது என்பதால் இனி சொல்வதெல்லாம் கோல்டு ப்ராசஸ் பற்றியது.

பட்டறையின் லாபமும் பெயரும் தீர்மானமாவது முதல் கட்டத்தில், அதாவது கேசிங்கைப் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில். டயரை ஸ்ப்ரெடரில் ஏற்றி, பீடிங்கை அகல விரித்து, உள்ளே விளக்கு விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். உள் லைனரில் கையை வைத்துத் தடவும்போது சுருக்கமோ அலை அலையான மேடோ தட்டுப்பட்டால், சைடு வாலின் உட்புறம் வட்டமாகக் கறுத்திருந்தால், அந்த டயர் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. வெளியே பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தள்ள வேண்டியதுதான். காற்றுக் குறைந்த டயரில் சைடு வால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிகிறது. உள்ளே இருக்கும் எஃகு இழைகள் மடிந்து மடிந்து களைத்து, ஒவ்வொன்றாக அறுகின்றன. அப்படிப்பட்ட டயருக்கு மறுபடி காற்றடித்தால் சைடு வால் ஜிப் பிரிவது போல நீளவாக்கில் வெடிக்கும். அதனால்தான் சந்தேகமான டயருக்குக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கும் ஆள் சைடு வாலுக்கு நேரே நிற்கக்கூடாது. உள்ளே 'டப் டப்' என்று மெல்லச் சத்தம் கேட்டால் உடனே காற்றை இறக்கிவிட வேண்டும்.

அடுத்த எதிரி துரு. ரேடியலின் எஃகு இழைகளுக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். முலாமில் உள்ள செம்பும் ரப்பரில் உள்ள கந்தகமும் சேர்ந்துதான் கம்பிக்கும் ரப்பருக்கும் பிடிப்பு உண்டாகிறது. ஆணி குத்திய ஓட்டையை மேலோட்டமாக அடைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினால் மழைநீர் அந்த வழியே இறங்கி முலாமைத் தின்றுவிடும். குத்தூசியால் ஓட்டையைக் கிளறும்போது பழுப்புத் தூள் வந்தால், துரு எதுவரை போயிருக்கிறது என்று ரப்பரைச் செதுக்கித்தான் பார்க்க வேண்டும். பட்டன் பகுதியில் 10 மி.மீ.க்கு உட்பட்ட ஓட்டை என்றால் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். அதைவிடப் பெரிதென்றால் உள்ளே பேட்ச் போட வேண்டும். சைடு வாலில் இழை அறுந்தது, பீடிங் கம்பி வெளியே தெரிவது, டீசல் ஊறி ரப்பர் உப்பியது ஆகிய மூன்றையும் சிறு பட்டறை தொடாமல் இருப்பது நல்லது. 'எப்படியாவது ஒட்டிக் குடுங்க' என்று லாரிக்காரர் கெஞ்சுவார். பட்டறைக்காரர் மனம் இளகினால் அந்த ட்ரெட் நெடுஞ்சாலையில் உரிந்து கிடக்கும், பழி ரீபட்டன் தொழில் முழுவதன் மீதும் விழும்.

உண்மையில் சாலையோரம் கிடக்கும் டயர்ப் பட்டைகள் எல்லாம் ரீபட்டன் டயருடையவை அல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்துக்காக 2008-ல் வெளியான ஆய்வில், பொறுக்கிச் சேர்த்த துண்டுகளில் புது டயருடையதும் ரீட்ரேட் டயருடையதும் இருந்தன. சாலையில் ஆணி, கல் போன்றவற்றில் பட்ட காயமும் அதிகச் சூடும்தான் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன.

ஏற்றுக்கொண்ட கேசிங் பஃபிங்குக்குப் போகிறது. கொஞ்சம் காற்றடித்துச் சுழலவிட்டு, பல் வைத்த பிளேடுகளால் பழைய பட்டனைச் சுரண்டி எடுக்கிறார்கள். பட்டனுக்கு அடியில் உள்ள எஃகு இழை அடுக்கான மேல் பெல்ட்டுக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. ரப்பர் மிஞ்ச வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகப் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் பித்தளை முலாம் உரிந்துவிடும், அந்த இடத்தில் புது ரப்பர் பிடிக்காது. பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு இருக்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் பிடிமானம் குறையும். பிளேடு மழுங்கியிருந்தால் ரப்பர் வெட்டுப்படாமல் கருகும். நீலப்புகையும் பிசுபிசுப்பும் அதன் அடையாளம். கருகிய ரப்பர் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது, பிளேடை மாற்றிவிட்டு மறுபடி லேசாகச் சுரண்ட வேண்டும். டயரின் மேல்வளைவை டெம்ப்ளேட் வைத்துச் சரிபார்த்து, சுற்றளவை டேப்பில் அளந்து, சைடு வாலில் சாக்பீசால் எழுதிவைப்பார்கள். இந்த எண் பிறகு இரண்டு இடங்களில் உதவும்.

சுரண்டிய பரப்பை அன்றே சொல்யூஷன் என்ற ரப்பர் பசை பூசி மூடிவிட வேண்டும். வைத்திருந்தால் காற்றும் தூசியும் ஈரமும் பட்டுப் பரப்பு கெட்டுவிடும். மழைக்காலத்தில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் பனி படிகிறது. அதன் மேலேயே ட்ரெட்டைச் சுற்றினால், சேம்பர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளே கொப்புளம் போடும். பூசும் அறையை மூடி, கொஞ்சம் சூடாக வைத்திருக்கும் பட்டறைகளில் ஐப்பசி, கார்த்திகையில் புகார் வருவது குறைவு.

ட்ரெட்டுக்கும் கேசிங்குக்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கனமுள்ள குஷன் கம் என்ற வேகாத ரப்பர் தாள் வரும். மேலே இருப்பது வெந்த ரப்பர், கீழே இருப்பதும் வெந்த ரப்பர். நடுவில் இருக்கும் இந்தத் தாள்தான் சேம்பரில் வெந்து, இரண்டு பக்கமும் கந்தகப் பாலம் போட்டுக்கொள்கிறது. குஷன் கம் பழையதாகிப் பாதி வெந்த நிலையில் இருந்தால் பாலம் சரியாக விழாது. எனவே அதைக் குளிர்ந்த அறையில் வைத்து, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். ட்ரெட் பட்டையை அளந்துவைத்த சுற்றளவுக்குச் சரியாக, இழுக்காமல் வெட்ட வேண்டும். குறைவாக வெட்டிவிட்டு இழுத்துச் சேர்த்தால், வெந்தபின் ரப்பர் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், இணைப்பு வாய் பிளக்கும். சுற்றி முடித்ததும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரோலர் ஓட்டி, இடையில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிறார்கள்.

பிறகு டயருக்கு மேல் என்வலப் என்ற ரப்பர் உறையை மாட்டி, உள்ளே ட்யூப் போட்டு, சேம்பருக்குள் தொங்கவிட்டுக் கதவை மூடுகிறார்கள். காற்றழுத்தம் சேம்பரில் சுமார் 6 பார், ட்யூபில் 8 பார், என்வலப்புக்கும் ட்ரெட்டுக்கும் நடுவே அதைவிடக் குறைவாக 4 பார் என்பது வழக்கமான அமைப்பு. இந்த வித்தியாசம்தான் ட்ரெட்டை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கிறது. என்வலப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் சேம்பர் காற்று உள்ளே புகுந்து அழுத்தம் சமமாகிவிடும், அமுக்க ஆளில்லாமல் போகும். என்வலப் மீட்டர் முள் 4-ஐ விட்டு மேலே ஏறுகிறதா என்று முதல் அரைமணி நேரம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். 100 டிகிரிக்கு வந்த பிறகு மூன்று முதல் நான்கு மணி நேரம். கரண்ட் போய் வெப்பம் இறங்கினால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவசரப்பட்டு முன்னதாக அழுத்தத்தை இறக்கினால் குஷன் கம் பஞ்சு மாதிரி பொத்துக்கொண்டு நிற்கும். அதிக நேரம் விட்டாலும் கேசிங் ரப்பர் சோர்ந்துபோகும்.

வெளியே எடுத்த டயரைக் காற்றடித்து, ஓரங்களைத் தட்டிப் பார்த்து, சுற்றளவை மறுபடி அளக்கிறார்கள். பின்பக்கம் ஜோடியாக ஓடும் இரு டயர்களின் விட்டம் 12 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் பெரியது கூடுதல் பாரம் தாங்கிச் சூடாகும், சின்னது சாலையில் இழுபட்டுத் தேயும். சுற்றளவை எழுதிவைத்த பட்டறை, பொருந்துகிற ஜோடியாகவே கட்டிக் கொடுக்கலாம். பெரிய கம்பெனி இந்த அளவுக்கு ஒரே ஒரு வண்டியைக் கவனிக்காது. எந்த டயர் எங்கே மாட்ட வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். பேருந்தின் முன் சக்கரத்தில் ரீட்ரேட் டயர் கூடாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது; நம் லாரிக்காரர்களும் முன்னால் புது டயர், பின்னால் ரீபட்டன் என்றுதான் மாட்டுகிறார்கள்.

இதில் சிறு பட்டறை இன்னொரு வேலையும் செய்யலாம்: டயர் ரீபட்டனுக்கு வருவதற்கு முன்பே அதைக் காப்பாற்றுவது. 120 பவுண்டு காற்று அடிக்க வேண்டிய டயர் 96-க்குக் கீழே போய்விட்டால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், தொழிலில் அதைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருதுகிறார்கள். டயரை உதைத்துப் பார்த்தோ சுத்தியால் தட்டியோ இந்த வித்தியாசம் தெரியாது, மீட்டர்தான் வேண்டும். வாடிக்கை வண்டிகளுக்கு வாரம் ஒருமுறை ஏர் செக் செய்து, ஒவ்வொரு டயரின் எண், மாட்டிய தேதி, கிலோமீட்டர், சக்கர இடம் ஆகியவற்றை நோட்டில் எழுதிவைத்து, பட்டன் 4 மி.மீ.க்கு வரும்போது போன் போட்டு வண்டியைக் கூப்பிடும் பட்டறைக்கு நல்ல கேசிங் தானாக வந்து சேரும். கம்பி தெரியும்வரை ஓட்டிய டயரைக் கொண்டுவந்து கொட்டினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விலை மலிவான புது டயர்தான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. ஒரே ஆயுளுக்குச் செய்த கேசிங் இரண்டாவது சுற்றுக்குத் தாங்காது. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் சீன லாரி டயர்களுக்கு, புதியதோ ரீட்ரேட் செய்ததோ இரண்டுக்கும், கூடுதல் வரி போட்டதற்கு அங்குள்ள சிறு ரீட்ரேடிங் நிறுவனங்களின் நிலையும் ஒரு காரணம். இந்தியாவில் 2022 முதல் கழிவு டயருக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்ற விதி வந்திருக்கிறது.

பஃபிங் மெஷினுக்குக் கீழே விழும் ரப்பர்த் துருவலும் வீணாவதில்லை. துருவலில் கம்பியும் மண்ணும் கலக்காமல் இருந்தால் கால்மிதி, அச்சு ரப்பர்ப் பொருள்கள் செய்பவர்கள் எடைபோட்டு வாங்கிக்கொள்வார்கள். தரையில் கூட்டி அள்ளியதற்கு விலை இறங்கிவிடும். மெஷினோடு உறிஞ்சு குழாய் வைத்துப் பையில் பிடித்தால் அந்தக் குழாய்க்கான செலவு திரும்ப வந்துவிடும், வேலையாளின் நுரையீரலுக்கும் நல்லது. தள்ளுபடியான நைலான் டயராக இருந்தால் அடுக்கடுக்காக உரித்து வார், வாளி, செருப்பு என்று செய்ய ஆட்கள் உண்டு. ரேடியலில் கம்பி குறுக்கே நிற்பதால் அந்தக் கைத்தொழில் சுருங்கிவிட்டது. அவை அரைப்பதற்கோ பைராலிசிஸுக்கோதான் போகின்றன. அனுப்புவதற்கு முன் தள்ளுபடி டயரின் பீடிங்கை வெட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வேறொரு பட்டறையில் யாரோ ஒட்டி மறுபடி சாலைக்கு வந்துவிடும்.

நல்லதோ தள்ளுபடியோ, எந்தக் கேசிங்கையும் வெட்டவெளியில் படுக்கப்போட்டு அடுக்கக்கூடாது. உள்ளே தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதே நீர் ஆணி ஓட்டைகள் வழியே கம்பிக்கும் போகும். கூரைக்குக் கீழே, தரையில் படாமல், நிறுத்தி வைக்க வேண்டும். நனைந்து வந்த கேசிங்கை முழுக்க உலர்த்திய பிறகே பஃபிங்குக்கு எடுக்க வேண்டும்.