உள்ளே வைத்தது எந்தக் கருவி?

முக்கூடல், மேலப்பாளையம் பக்கமிருந்து என்னிடம் வரும் பெண்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் பீடித்தட்டோடு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால், இடுப்புவலி, அடிவயிற்றுவலி எல்லாவற்றுக்கும் பழி பீடி மேல்தான் விழும். "கருத்தடைக்குக் காப்பர்-டி வச்சிருக்கியாம்மா?" என்று நானாகக் கேட்டால்தான், "எப்பமோ வச்சாங்க டாக்டரம்மா" என்று பதில் வரும். எந்த வகை, எந்த வருஷம்? தெரியாது. 380ஏ என்றால் 10 ஆண்டு வரை தாங்கும். 375 என்றால் 5 ஆண்டுதான்.

காப்பர்-டி நல்ல கருவி, நானும் வைத்துவிடுகிறேன். பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் சில கருவிகளின் கோளாறு, விற்பனைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். கர்ப்பப்பை இறக்கத்துக்கு, தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்பு வழியாக வைத்த செயற்கை வலையை எடுத்துக்கொள்ளுங்கள். வலை சதையை அரித்து வெளியே வருகிறது, தாங்க முடியாத வலி என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் புகார் செய்தார்கள். 2019 ஏப்ரலில்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது.

நம் நாட்டிலும் மருத்துவக் கருவிகள் பற்றி இப்படிப் புகார்களைத் திரட்ட 2015 ஜூலையில் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கியது. மருந்துகளின் தரத்தை வகுக்கும் மத்திய அரசு அமைப்பான, காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. நம்மூர்க்காரர்கள் இதய ஆபரேஷனுக்குப் போகிற திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவுக்கும் அதில் பங்கு உண்டு. புகார் அனுப்பக் கருவிதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். அப்படியிருந்தும் டாக்டர்கள் தயங்குகிறோம். எழுதினால் நம் தலையிலேயே கேஸ் வந்து விழுமோ என்ற பயம்தான், வேறென்ன.

புகார்ப் படிவம் கேட்பது கருவியின் பெயர், தயாரித்த கம்பெனி, லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்). டிஸ்சார்ஜ் சீட்டில் பல நேரம் "காப்பர்-டி வைக்கப்பட்டது" என்ற ஒரே வரிதான் இருக்கும். அதனால் பாக்கெட்டில் உள்ள ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை வைக்கும் கவரிலேயே அந்தச் சீட்டும் கிடக்கட்டும். தொந்தரவு வந்தால் டாக்டரிடம் "இதைப் புகாராக அனுப்புங்க" என்று கேட்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம்.

அப்புறம் ஒன்று. கருவியை வெளியே எடுக்கும்போது, முழுசாக வந்ததா என்று பார்த்துச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பர்-டியின் கை ஒன்று முறிந்து உள்ளேயே தங்கிவிடுவது அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது.